வெறுவயிற்றுக் குளிசை

காலையில் எழுந்ததும் என் வெறும் வயிற்றுக்குள் முதலில் எது போகவேண்டும் என்பதில் எனக்கும் மச்சாளுக்கும் பெரிய சண்டை நடந்தது. இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அப்போது அதில் என் பிள்ளையின் உயிர் தங்கியிருக்கிறது என்று நாங்கள் இருவருமே நம்பினோம். ஆளுக்கொரு பக்கம் நின்று நம்பியதுதான் பிரச்சினை.

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கலியாணம் முடித்து அக்கராயனுக்குப் போனபோது அவர்களுடைய வளவுக்குள் இரண்டு வீடுகளும் நடுவில் ஒரு கிணறும் இருந்தன. முன்வீட்டில் மச்சாளும் அவருடைய கணவரும் பிள்ளைகளும். பின்வீட்டில் நாங்கள். என் கணவரின் தாய் நேரத்தோடேயே காலமாகிவிட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் மச்சாள்தான். மாமியார் இல்லாத வீடு, மகளுக்குக் கரைச்சல் இருக்காது என்று எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். மச்சாளை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

என் கழுத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது புதுக்குடியிருப்பில். பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில் கழுத்தில் ஒரு கழலை வளரத் தொடங்கியது. முதலில் கழுத்து நிறைவாக, வடிவாக இருக்கிறது என்றார்கள். பிறகு சங்கிலி இறுக்கியது. பிறகு சோறு விழுங்குவதே பாடாகிப் போனது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய டொக்டர், தைரொயிட் என்ற சுரப்பியையும் அநேகமாக முழுதாக எடுத்துவிட்டதாகவும், அது சுரந்த ஓமோன் இல்லாமல் உடம்பு ஓடாது என்றும், இனி அதையே குளிசையாகத் தினமும் வெறுவயிற்றில் போடவேண்டும் என்றும் சொன்னார். எவ்வளவு காலத்துக்கு என்று அம்மா கேட்டார். உயிர் இருக்கும்வரை என்றார் டொக்டர். அம்மா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு பொட்டுக் குளிசை போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கலாம் என்றால் அது எனக்கு நல்ல ஒப்பந்தமாகத்தான் பட்டது.

பெண் பார்க்க வந்த அன்று மச்சாள்தான் என் கழுத்தைக் குனிந்து பார்த்தார். அட்டியல் போட்டு மறைக்கச் சொல்லி வீட்டில் கெஞ்சினார்கள், நான் போடவில்லை. இது என்ன வெட்டு என்று கேட்டார். கழலை, அதற்கான குளிசை, அது தினமும் போடவேண்டும் என்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு மச்சாள் தன் தம்பியின் பக்கம் திரும்பி, கழுத்தைத்தானே வெட்டியிருக்கிறார்கள், வாயை ஒருவரும் தொடவில்லைப் போல என்றார். சபையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிடித்தவர்களோடுதான் நான் அதிகமாகச் சண்டை பிடிப்பேன்.

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் எங்கள் வழக்கம். அந்தச் சமயம் அப்பா பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார், அம்மாவால் அசைய முடியவில்லை. ஆகவே மகள் பிறந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து நான் அக்கராயனுக்கே திரும்பினேன். பிள்ளைப்பேற்றுப் பராமரிப்பு முழுவதும் மச்சாளின் கையில் விழுந்தது. அவர் அதைக் குறைவில்லாமல் செய்தார். தனக்கும் தவழத் தொடங்கிய ஒரு மகன் இடுப்பில் இருக்க, எனக்குக் குளிக்க வேதுத்தண்ணி வைத்தார், பத்தியக்கறி காய்ச்சினார், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். காலையில் கண்விழிக்கும்போது காயம் உருட்டிக்கொண்டு வந்து நிற்பார். மிளகு, மஞ்சள், மல்லி, உள்ளி, திப்பிலி எல்லாம் அம்மியில் மைபோல அரைத்து உருட்டியது. அது வெறுவயிற்றில்தான் போகவேண்டும்.

என் குளிசையும் வெறுவயிற்றில்தான் போகவேண்டும்.

முதலில் இது இடத்துக்கான சண்டையாகத்தான் இருந்தது. குளிசையை முதலில் போட்டால் காயத்தின் குணம் கெட்டுவிடும் என்பது மச்சாளின் கட்சி. காயத்தை முதலில் தின்றால் குளிசை வேலை செய்யாது என்பது என் கட்சி. அவர் குசினியில் அம்மி கழுவுகிற சத்தம் கேட்டதும் நான் எழுந்து அலுமாரியைத் திறந்து குளிசையைப் போட்டுவிடுவேன். அலுமாரிக் கதவு கிரீச்சிடும். அந்தச் சத்தத்தை அவர் கேட்டும் கேளாததுபோல வந்து உருண்டையை நீட்டுவார். கர்ப்பமாக இருந்த காலத்திலும் நான் குளிசை போட்டேன். அதை அவர் ஒன்றும் சொன்னதில்லை. கழுத்துப் புண் ஆறுவதற்கு என்று நினைத்திருந்தாராம்.

மகளுக்கு ஒரு மாதம் ஆகும் முன்னர் வயிற்றால் போகத் தொடங்கியது. பச்சையும் நுரையுமாகப் போனது. மாந்தம் என்று மச்சாள் பரியாரியாரை அழைப்பித்தார். பரியாரியார் வந்து பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு மருந்தை எனக்குக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. பால் குடிக்கிற பிள்ளைக்கு வருத்தம் என்றால் மருந்தும் பத்தியமும் தாய்க்குத்தான். தாய் குடித்தால் பாலோடு பிள்ளைக்குச் சேர்ந்துவிடும். பலாக்காய் தின்றால் பிள்ளைக்கு வயிறு ஊதும், குளிர்ந்தது தின்றால் சளி பிடிக்கும் என்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். நானும் மறுபேச்சில்லாமல் அந்தக் கசாயத்தைக் குடித்தேன். ஓரிரு நாளில் பிள்ளைக்குச் சுகமானது.

சுகமான அன்று மச்சாள் என் கட்டில் ஓரத்தில் வந்து இருந்தார். சண்டைக்கு வரவில்லை. முகம் பயந்துபோயிருந்தது.

“பரியாரியாற்ரை மருந்து நீ குடிக்கப் பிள்ளைக்குப் போச்சுதுதானே,” என்றார். “அப்ப நீ போடுற குளிசையும் போகும்தானே. இவளுக்குக் கழுத்திலை என்ன வருத்தம்? ஒண்டுமில்லாத பிள்ளைக்கு ஏன் நீ மருந்து குடுக்கிறாய்?”

அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கசாயம் போகும் என்று நானே நம்பிக் குடித்திருக்கிறேன்; குளிசை மட்டும் எப்படி நடுவழியில் நிற்கும்? அந்தப் பச்சைக் கழிச்சலே குளிசையால்தான் வந்ததோ என்ற எண்ணமும் வந்தது. என் கணவரைக் கேட்டேன். அவர் நல்ல மனுசன். ஆனால் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் எது வந்தாலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பார்க்கப் போய்விடுவார். அன்றைக்கும் போனார். அந்தப் போகத்தில் எங்கள் வயலுக்குப் பாய்ந்த அளவு தண்ணீர் அக்கராயன் குளத்திலிருந்து வேறு எவருக்கும் பாய்ந்திருக்காது.

நான் குளிசையை நிறுத்தினேன். யாரும் பறித்து ஒளிக்கவில்லை. என் பிள்ளைக்கு ஆகாது என்றால் எனக்கு வேண்டாம் என்று நானே அலுமாரியைப் பூட்டிச் சாவியை மச்சாளிடம் கொடுத்தேன்.

முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. மச்சாளுக்கு அது போதும், பார்த்தாயா என்றார். பிறகு மெல்ல மெல்ல உடம்பு என்னை விட்டுப் போகத் தொடங்கியது. சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க நான் போர்வை கேட்டேன். குரல் தடித்து ஆம்பிளைக் குரலாகியது. முகம் வீங்கியது. தலை வாரினால் சீப்பு நிறைய மயிர். பிள்ளை அழும், கேட்கும், எழும்ப வேண்டும் என்று தெரியும், ஆனால் எழும்புவதற்குள் அது அழுது களைத்துவிடும். வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் நான். அந்த நாட்களில் ஒரு வசனத்தைத் தொடங்கினால் முடிக்கும் முன்னர் அலுப்பு வந்துவிடும். நான் பேசாமல் இருந்ததைக் கண்டுதான் என் கணவர் முதலில் பயந்தார்.

அதோடு பால் குறைந்தது.

மச்சாள் விடவில்லை. சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரை மறித்துப் பால்சுறா வாங்கி வறை வறுத்தார். முருங்கையிலை, உள்ளிக்கஞ்சி, வெந்தயம் என்று பால் சுரக்கச் செய்வது எல்லாவற்றையும் எனக்குள் இறக்கினார். நிறுத்தியிருந்த காயத்தை மறுபடி அரைக்கத் தொடங்கினார். ஒன்றுக்கும் அசையவில்லை. மகள் உறிஞ்சுவாள், விடுவாள், வீறிட்டு அழுவாள். தொடையில் சதை தொங்கியது. கடைசியில் ஒரு நாள், தன் மகனை இறக்கிவிட்டு, மச்சாள் என் மகளைத் தூக்கித் தன் மடியில் போட்டுப் பால் கொடுத்தார். பிள்ளை மூச்சு முட்ட முட்டக் குடித்தது. குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது.

நன்றியாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பற்றி எரிந்தது. என் பிள்ளை, என் கண் முன்னால், இன்னொருத்தியின் மடியில் வயிறு நிறைந்து தூங்குகிறது. என்னிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. ஒரு வாரம் வரையில் அப்படியே போனது. மச்சாள் ஒரு சொல்லாவது குத்திச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. மடியைக் காட்டினார், கொடுத்தார், வாயைத் துடைத்து என்னிடம் தந்தார். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கோபம்தான் என்னைக் கட்டிலை விட்டு எழுப்பியது. நான் கிளிநொச்சிக்கு டொக்டரிடம் போகிறேன் என்றேன். பச்சை உடம்புக்காரி தனியாகப் போகக்கூடாது என்று மச்சாளும் வெளிக்கிட்டார். பேய் பிசாசு அண்டாமல் இருக்க என் கையில் பாக்குவெட்டியும் பிள்ளையின் துணியில் வேப்பிலையும் வைத்தார். தன் மகனை மூத்தவளிடம் விட்டுவிட்டு, வழியில் என் மகளுக்குப் பசித்தால் கொடுக்கவும் தான் வேண்டும் என்றார். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டை விடமாட்டேன், பேச்சைத்தான் விடுவேன்.

கிளினிக்கில் இருந்தது ஒரு பெண் டொக்டர். வாசலில் சனம் நெருக்கிக்கொண்டு நிற்க, வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், கழுத்து வெட்டைப் பார்த்தார், நான் வாய் திறக்கும் முன்னரே குளிசை போடுகிறதில்லையா என்று கேட்டார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறதால் நிறுத்தினேன் என்றேன். ஆர் நிறுத்தச் சொன்னது என்றார். மச்சாள் அசையாமல் நின்று, நான்தான் சொன்னேன் என்றார். பரியாரியார் மருந்து, கசாயம், பால், குளிசை என்று தன் கணக்கை ஆதியிலிருந்து அந்தம்வரை சொன்னார். பயந்து சொல்லவில்லை, நியாயம் கேட்கிறவர்போலச் சொன்னார். அந்த இடத்தில் எனக்கு அவரில் பெருமையாகக்கூட இருந்தது.

டொக்டர் ஏசவில்லை. கேட்டது நல்ல கேள்வி என்றார். சில மருந்துகள் தாய்ப்பாலோடு போய்ப் பிள்ளைக்குக் கூடாததைச் செய்யும்; அதனால் எந்த மருந்தென்றாலும் கேட்டுத்தான் போடவேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது என்றார். பிறகு தன் கையை நீட்டி மச்சாளின் கழுத்தை, தாலிக்கொடிக்கு மேலே, விரலால் தொட்டார்.

“இதுக்குள்ளை ஒரு சுரப்பி இருக்கு. இவ போடுற குளிசையிலை இருக்கிறதைத்தான் அது உங்களுக்குச் சுரக்குது. உங்கடை இரத்தத்திலையும் ஓடுது, பாலிலையும் கொஞ்சம் போகுது. அதுக்காகப் பிள்ளைக்குப் பால் குடுக்க முதல் உங்கடை கழுத்தை வெட்டச் சொல்லுறமே?”

மச்சாள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டொக்டர் தொடர்ந்து சொன்னார். எனக்கு அந்தச் சுரப்பி இல்லை. குளிசை அதன் இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். புதிதாக ஒன்றையும் கொண்டுவரவில்லை. அளவோடு போட்டால் பாலில் போவது மிகச் சொற்பம், எந்தத் தாயின் பாலிலும் இருக்கிறதுதான், பிள்ளைக்கு ஒரு கேடுமில்லை. ஆனால் அளவு முக்கியம், பால் கூடட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் எனக்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது. அளவைத் தாங்கள் பார்த்துச் சொல்வார்கள், கிளினிக்குக்குத் தவறாமல் வரவேண்டும். பிள்ளை மெலிந்தது குளிசையால் இல்லை, குளிசை போடாததால் என்றார். எனக்குப் பாலில்லாமல் போனதற்கும் குளிர்வதற்கும் எழும்ப முடியாததற்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாம். நான் அழுதேன். யாழ்ப்பாணத்தில் அழாததையும் சேர்த்து அந்தக் கிளினிக் கதிரையில் இருந்து அழுதேன்.

மச்சாளுக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. காயம் கொடுக்கலாமா என்றார். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் குளிசை போட்டு அரை மணித்தியாலமாவது கழியட்டும் என்றார் டொக்டர். எங்கள் வளவில் மணிக்கூடு கிடையாது.

திரும்பி வருகிற பஸ்ஸில் பிள்ளைக்குப் பசித்தது. மச்சாள் வழக்கம்போல வாங்கி மடியில் போட்டார். போட்டவர் உடனே கொடுக்கவில்லை.

“அப்ப இவ்வளவு நாளும் நான் குடுத்த பாலிலையும் உந்தச் சாமான் இருந்திருக்கு,” என்றார்.

“ஓம் மச்சாள்,” என்றேன். அன்று முழுக்க அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை அது. “உங்களுக்குச் சும்மா சுரக்குது. நான் கிளினிக்கிலை வரிசையிலை நிண்டு வாங்கிறன். மற்றும்படி உங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.”

குரல் அப்போதும் தடித்துத்தான் இருந்தது. ஆனால் வாய் திரும்பி வந்துவிட்டது என்று மச்சாளுக்குத் தெரிந்திருக்கும். பாப்பம், பாப்பம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அலுமாரிச் சாவியைத் தன் சேலைக் கொய்யகத்திலிருந்து அவிழ்த்து என் கையில் வைத்தார்.

அடுத்த நாள் காலையிலிருந்து நான் ஒளித்துக் குளிசை போடுவதை விட்டேன். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, கிணற்றடியில் தண்ணீர் அள்ள வருகிற அயல் பெண்கள் எல்லோரும் பார்க்கத்தக்கதாக வாயில் போட்டு விழுங்குவேன். எனக்குக் குளிசைக்காரி என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும் என்று விட்டேன். நான் விழுங்கியதும் மச்சாள் விளக்குமாற்றை எடுப்பார். இரண்டு வீட்டு முற்றத்தையும் கூட்டி, சாணகம் தெளித்து, குப்பையை அள்ளிப் போட்டுவிட்டு வந்து காயத்தை நீட்டுவார். அரை மணித்தியாலம் என்று டொக்டர் சொன்னதற்கு அவர் கண்டுபிடித்த மணிக்கூடு அது. எங்கள் வளவு அந்த நாட்களில் இருந்த துப்புரவு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

பால் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் குளிர் விட்டது. பிறகு பிள்ளை அழுகிற சத்தத்துக்கு உடம்பு தானாக எழும்பத் தொடங்கியது. பிறகு ஒரு நாள் மத்தியானம், பிள்ளை சிணுங்கிய சத்தத்துக்கே சட்டை முன்பக்கம் நனைந்தது. நான் மச்சாளைக் கூப்பிட்டு அந்த ஈரத்தைக் காட்டினேன். வெட்கமாவது மண்ணாவது, எனக்கு அதைவிடப் பெரிய பதக்கம் ஒருவரும் குத்தியதில்லை. அதற்குப் பிறகு என் மகளுக்கு என் பாலே காணும் என்று ஆனது. தொடை மடிப்பு மடிப்பாகச் சதை வைத்தது. கிளினிக்கில் அந்த டொக்டர் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆனாலும் ஒன்று எனக்கு நெஞ்சில் தைத்துக்கொண்டிருந்தது. எங்கள் அயலில் ஒரு வழக்கம் உண்டு. களை பிடுங்குகிற காலத்தில் பிள்ளைத்தாய்மார் எல்லோரும் வயலில் இறங்கினால், முறைக்கு ஒருத்தி வரம்போரத்து மரநிழலில் பிள்ளைகளோடு இருப்பாள். எந்தப் பிள்ளை அழுதாலும் அவள் மடியில் போட்டுக்கொள்வாள். யார் பிள்ளைக்கு யார் பால் என்று கணக்கில்லை. என் முறை வருகிற நாளில் மட்டும், தன் மகன் சிணுங்குகிற சத்தம் கேட்டால் மச்சாள் சேற்றுக் காலோடு வயலின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருவார். இடையில் தண்ணீர் குடிக்க வந்ததுபோல நடித்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வார். மற்றப் பெண்களும் அதைப் பார்த்து ஓடி வரத் தொடங்கினார்கள். என் பிள்ளைக்கு என் பால் ஆகும் என்று மச்சாள் ஒப்புக்கொண்டார். தன் பிள்ளைக்கு ஆகும் என்று இன்னும் ஒப்பவில்லை. வாய்விட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்வார் என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிடுகிற நான் அதை மட்டும் கேட்கவில்லை. பயம். டொக்டர் சொன்னதற்குப் பிறகும் இந்த மனுசிக்கு நான் மருந்துச் சட்டிதானா என்பது தெரிந்துவிடுமே என்ற பயம்.

மாரி முடிகிற காலத்தில் வன்னி முழுக்க மலேரியா. எங்கள் வளவில் அது மச்சாளைப் பிடித்தது. முதல் நாள் நடுக்கம், மறுநாள் காய்ச்சல், அதற்கடுத்த விடியலில் ஆளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. கிளிநொச்சிக்குக் கொண்டுபோக அயல் வீட்டு டிராக்டரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார்கள். பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பாய் போட்டிருந்தது. மகனுக்கும் விடியலிலிருந்து பால் இல்லை. பால்மாவைக் கரைத்துப் போத்தலில் கொடுத்தார்கள். போத்தலைத் தட்டிவிட்டுத் தாயை நோக்கிக் கையை நீட்டி அழுதான். நெருப்பாய்க் கொதிக்கிற தாயோடு அவனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, யாரிடம் விடுவதா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பச்சைப் பிள்ளைக்காரிகள் வேறு இருவரும் அங்கே நின்றார்கள். நான் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். முன்னால் போய் நானே கேட்க எனக்கு ரோசம் விடவில்லை.

மச்சாளை இருவர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். மகனைத் தன் தோளில் அணைத்திருந்தார், யாரிடமும் கொடுக்கவில்லை. டிராக்டர்ப் பக்கம் போகாமல் என் பக்கமாகத் திரும்பி வந்தார். பல்லுக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. என் முகத்துக்கு நேரே நின்றார்.

“குளிசை போட்டிட்டியே?” என்றார்.

அத்தனை சனத்துக்கு முன்னால், சாகக் கிடக்கிற நேரத்திலும், இந்த மனுசி பழைய கேள்வியையே கேட்கிறாவே என்று நினைத்தேன். போடவில்லை என்றால் பிள்ளையைத் தருவார், போட்டேன் என்றால் மற்றவளிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். அந்தக் காலையில் நடந்த ஓட்டத்தில் உண்மையாகவே நான் போடவில்லை. பொய் சொல்ல எனக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. ஆனாலும் அந்த உண்மையைச் சொல்ல எனக்கு வாய் கூசியது.

“இல்லை மச்சாள், இன்னும் போடேல்லை,” என்றேன்.

அவருடைய முகம் கோணியது. ஏசப்போகிறபோது கோணுகிற அதே கோணல்.

“என்ன பிள்ளை நீ, இவ்வளவு நேரமாப் போடாமல் என்ன செய்தனி? ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுக்க வேணும். போய் முதல் அதைப் போடு.”

எனக்கு அசையத் தெரியவில்லை. என் கணவர்தான் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்க்கால் பார்க்கப் போகாமல் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார், ஒரு கையில் குளிசையும் ஒரு கையில் செம்புமாக. டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. ஏறுங்கோ, நேரம் போகுது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். மச்சாள் ஏறவில்லை. நான் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார், அந்த வெட்டுத் தழும்பை. பிறகு மகனைத் தூக்கி என்னிடம் தந்தார். தந்துவிட்டு முற்றத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

“முற்றத்தைக் கூட்டிப்போட்டுப் பிறகு தேத்தண்ணியைக் குடி,” என்றார். அதற்குப் பிறகுதான் ஏறினார்.